எட்னா அம்மாவை நிஜம்னு நம்பினவங்க கைதூக்குங்க

#1 அரைக்கண்ணாடி (இழையைத் தொடங்கியவர்)

முதலில் நானே தூக்கிவிடுகிறேன்.

போன வாரம் ராத்திரி போனில் பழைய ஆங்கிலப் பேட்டித் துணுக்குகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு வயதான சீமாட்டி வந்தார். கத்தரிப்பூ நிறத்தில் ஏற்றிச் சுருட்டிய முடி. இரண்டு ஓரமும் சிறகு விரித்தாற்போல் எழும்பி நிற்கும் மூக்குக்கண்ணாடி. உடம்பெல்லாம் ஜிகினா. பேட்டி எடுக்கிறவரை முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டே மானத்தை வாங்கிக்கொண்டிருந்தார்.

"இந்தம்மா யாருடா, பழைய நடிகையா?" என்று அம்மா கேட்டார்.

"இருக்கும்மா. பேருக்கு முன்னாடி 'டேம்'னு போட்டிருக்கு. பெரிய பட்டம் வாங்கினவங்க போல."

இப்படி மூன்று துணுக்கு பார்த்தாயிற்று. நான்காவதன் கீழே ஒருவர் "பேரி ஹம்ஃப்ரீஸ் மாதிரி இனி ஒருத்தன் பிறக்கப்போவதில்லை" என்று எழுதியிருந்தார். யாரடா இந்தப் பேரி என்று தேடினேன். டேம் எட்னா எவரேஜ் என்று ஒரு பெண்ணே கிடையாது. ஹம்ஃப்ரீஸ் என்ற ஆஸ்திரேலிய ஆண் நடிகர் அறுபது வருஷத்துக்கும் மேல் போட்ட வேஷம் அது.

வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மூன்று துணுக்கையும் திரும்பப் பார்த்தேன். குரல் ஆண் குரல்தான், தெரிந்துகொண்டு கேட்டால் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. கைகளும் அப்படியே. அப்புறம் எப்படி ஏமாந்தேன்? என்னை ஏமாற்றியது எட்னா இல்லை, எதிரே உட்கார்ந்திருந்தவர் என்பதுதான் என் முடிவு. அவர் ஒரு தடவைகூட வேஷக்காரரைப் பார்க்கிற மாதிரி பார்க்கவில்லை. "டேம் எட்னா, உங்கள் கணவர் எப்படி இருக்கிறார்?" என்று அக்கறையாக விசாரிக்கிறார். ஒருத்தர் பொய் சொன்னால் சந்தேகப்படலாம். கேட்கிறவரும் சேர்ந்து தலையாட்டினால் என்ன செய்வது?

இப்படி நகைச்சுவைப் பாத்திரத்தை நிஜப் பிரபலம் என்று நம்பியவர்கள் வேறு யாராவது உண்டா?

#2 கடைசிபெஞ்ச்

ரெண்டு கையும் தூக்கியாச்சு தல. நான் அந்தம்மாவை ரொம்ப நாள் ராஜகுடும்பத்துக்கு ஏதோ தூரத்துச் சொந்தம்னு நினைச்சிருந்தேன். காரணம் இருக்கு. 2002-ல ராணியோட பொன்விழாவுக்கு பக்கிங்ஹாம் அரண்மனைத் தோட்டத்துல கச்சேரி நடந்துச்சே, அதுல ராணி வந்ததும் "ஜூபிலிப் பொண்ணு வந்தாச்சு"ங்கிற மாதிரி மேடையிலேருந்து அறிவிச்சது எட்னாதான். ராணியை அப்படிக் கூப்பிட வெளியாள் யாருக்குய்யா தைரியம் வரும்? அத்தையோ சித்தியோ போலன்னு விட்டுட்டேன்.

#3 ராக்கோழி

நல்ல இழை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்னா முதலில் மேடையேறியது 1955 டிசம்பர், மெல்பர்ன். ஹம்ஃப்ரீஸுக்கு அப்போது வயது 21. அதற்கு முன் அவர் ஒரு நாடகக் குழுவோடு பேருந்தில் ஊர் ஊராகப் போயிருக்கிறார். ஒவ்வொரு ஊரிலும் நாடகம் முடிந்ததும் உள்ளூர்ப் பெரிய மனுஷி ஒருவர் எழுந்து நீட்டி முழக்கி நன்றியுரை சொல்வார். அடுத்த ஊருக்குப் போகும் வழியில் ஹம்ஃப்ரீஸ் பேருந்தில் அதைக் கீச்சுக்குரலில் நடித்துக் காட்டுவார். எட்னா பிறந்தது அங்கேதான்.

1956-ல் மெல்பர்னில் ஒலிம்பிக் வரவிருந்தது. வெளிநாட்டு விருந்தினரைத் தங்கவைக்க வீடுகள் தேவை. முதல் நாடகத் துணுக்கில், மூனி பாண்ட்ஸ் என்ற புறநகரிலிருந்து திருமதி நார்ம் எவரேஜ் வந்து தன் வீட்டைத் தருவதாகச் சொல்லி, அந்த வீட்டின் அருமை பெருமைகளைப் பாடித் தீர்ப்பார். எவரேஜ் என்ற பெயரே ஆஸ்திரேலிய உச்சரிப்பில் 'ஆவரேஜ்'தான். நம் வழக்கில் சொன்னால் திருமதி சராசரி. நார்ம் என்ற கணவர் பெயரையும் சேர்த்துப் பாருங்கள், ஆங்கிலத்தில் 'வழக்கமான அளவு' என்று பொருள், அதுவும் அதே சாயல்.

அப்போது கத்தரிப்பூ முடி கிடையாது, ஜிகினா கிடையாது. தொப்பி போட்ட சாதாரணக் குடும்பத்தலைவி. கிண்டலும் புறநகர் வாழ்க்கையின் மீதுதான். கண்ணாடியும் முடியும் பகட்டும் பின்னால் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. 1976-ல் ராயல் ஆஸ்காட் குதிரைப்பந்தயத்துக்கு சிட்னி ஆப்பரா ஹவுஸையே தொப்பியாகத் தலையில் வைத்துக்கொண்டு போனார். அதே வருஷம் தன்னை 'இல்லத்தரசி சூப்பர்ஸ்டார்' என்று அறிவித்துக்கொண்டார். அப்புறம் மெகாஸ்டார், அதற்கப்புறம் கிகாஸ்டார்.

இந்த இடத்தில்தான் கிண்டலின் குறி மாறியது என்று நினைக்கிறேன். புறநகர்ப் பெண்மணியை விட்டுவிட்டுப் புகழையே கிண்டல் செய்ய ஆரம்பித்தார். "நான் பெரிய நட்சத்திரம்" என்று வாய் ஓயாமல் சொன்னால் உலகம் நட்சத்திரமாக நடத்தும் என்பதுதான் நகைச்சுவை. உலகமும் நடத்தியது! ஆக, அரைக்கண்ணாடி, நீங்கள் ஏமாந்தது ஜோக் புரியாததால் இல்லை. ஜோக்கே நீங்கள்தான்.

#4 அரைக்கண்ணாடி

மிக்க நன்றி ஐயா, மனசு குளிர்ந்துபோச்சு.

#5 புள்ளிவிவரன்

'டேம்' பட்டம் (ஆண்களுக்கு 'சர்' மாதிரி பெண்களுக்குத் தரும் பிரிட்டிஷ் பட்டம்) பற்றி யாரும் பேசவில்லையே. அது வந்த கதைதான் இதில் சிகரம்.

1974-ல் ஹம்ஃப்ரீஸ் நடித்த ஒரு ஆஸ்திரேலியத் திரைப்படத்தின் முடிவில் எட்னாவுக்கு 'டேம்' பட்டம் கொடுப்பதாக ஒரு காட்சி. கொடுக்கிறவர் நடிகர் இல்லை. அன்றைய பிரதமர் கஃப் விட்லம், பிரதமராகவே வந்து கொடுக்கிறார். வேடிக்கை என்னவென்றால், பிரிட்டிஷ் சர், டேம் பட்டங்களுக்குப் பெயர் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டு 1975-ல் 'ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா' என்ற சொந்த விருதைக் கொண்டுவந்ததும் இதே விட்லம் அரசுதான். நிஜ மனிதர்களுக்கு நிறுத்திய பட்டத்தை இல்லாத பெண்ணுக்குக் கொடுத்தார்.

பிறகு நடந்தவை: 1989-ல் எட்னா பெயரில் சுயசரிதை வெளியானது. நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் நடந்த மேடை நிகழ்ச்சிக்கு 2000-ல் சிறப்பு டோனி விருது, அமெரிக்க நாடக உலகின் பெரிய விருது. மெல்பர்ன் நகர மையத்தில் 2007-ல் ஒரு சந்துக்கு 'டேம் எட்னா பிளேஸ்' என்று பெயர். வேஷக்காரர் ஹம்ஃப்ரீஸுக்கு 1982-லும் 2007-லும் விருதுகள் கிடைத்தன. ஆனால் 'சர்' கடைசிவரை கிடைக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் பட்டம் எட்னாவுக்கு மட்டும்தான்.

எட்னாவைக் கேட்டால் ஹம்ஃப்ரீஸ் தன்னுடைய மேனேஜர் என்பார். அதுவும் தன் காசில் வாழ்கிற, அவ்வளவாகச் சாமர்த்தியம் போதாத மேனேஜர்.

#6 கடைசிபெஞ்ச்

பிரதமர் கொடுத்த பட்டம், சுயசரிதை, விருது, தெருப்பெயர். யோவ், இத்தனை அத்தாட்சி என் சொந்தப் பெரியப்பாவுக்கே கிடையாதுய்யா.

#7 நெய்தல்

தமிழில் இன்னொரு வசதியும் இருக்கிறது, கவனித்தீர்களா? "எட்னா வந்தார், சொன்னார், சிரித்தார்" என்று எழுதினால் ஆணா பெண்ணா என்றே சொல்ல வேண்டியதில்லை. இந்த இழையில் எல்லோரும் தெரிந்தோ தெரியாமலோ அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். 'ஆர்' விகுதிக்குள் எட்னாவும் ஹம்ஃப்ரீஸும் சௌகரியமாகக் குடியிருக்கிறார்கள்.

சரி, எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் ஒரு கசப்பைக் கொண்டுவருகிறேன். 2003 பிப்ரவரி 'வேனிட்டி ஃபேர்' இதழ். எட்னா பெயரில் அதில் வாசகருக்கு ஆலோசனைப் பத்தி வந்துகொண்டிருந்தது. ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளட்டுமா என்ற கேள்விக்குப் பதில்: ஸ்பானிஷை விடுங்கள், அதில் பேசுகிறவர்களில் நீங்கள் யாரோடு பேசத் தவிக்கிறீர்கள்? வீட்டு வேலைக்காரியோடா? தோட்டத்தில் இலை ஊதுகிறவனோடா?

அந்த இதழின் அட்டையில் இருந்தவர் சல்மா ஹயக், மெக்சிகோவில் பிறந்த நடிகை. அவரே கோபமாகக் கடிதம் எழுதினார். நிறைய வாசகர்களும் கொதித்தார்கள். இதழ் மன்னிப்புக் கேட்டது. இதையும் 'ஜோக்கே நீங்கள்தான்' கணக்கில் சேர்த்துவிடலாமா?

#8 அரைக்கண்ணாடி

அக்கா, அந்த விஷயம் தெரியாது. இப்போது தேடிப் படித்தேன்.

ஆனால் இது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது என்று தோன்றுகிறது. மேடையில் எட்னா இதைச் சொல்லியிருந்தால் கூடவே அந்தக் கண்ணாடி இருக்கும், இழுத்துப் பேசும் குரல் இருக்கும், சொல்லிவிட்டு உதட்டைச் சுழிக்கிற சுழிப்பு இருக்கும். "இந்த மாதிரிப் பணக்காரக் கிழவி எப்படி யோசிப்பாள் பாருங்கள்" என்று உடம்பே சொல்லிவிடும். அச்சில் அது ஒன்றும் இல்லை. ஒரு பெயர், ஒரு கேள்வி, ஒரு பதில். பக்கத்துப் பக்கத்தில் நிஜமான கட்டுரைகள். பள்ளிக்கூடத்தில் வஞ்சப்புகழ்ச்சி அணிக்கு ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்ந்த பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்கள். வாத்தியார் "இது புகழ்வது போலப் பழிப்பது" என்று சொல்லியிருக்காவிட்டால் நானெல்லாம் ஏதோ வேல் பாலிஷ் விளம்பரம் என்றுதான் நினைத்திருப்பேன்.

#9 நெய்தல்

குரல் போய்விட்டது என்பது சரி. ஆனால் கோபப்பட்டவர்கள் எல்லோரும் ஏமாந்தவர்கள் என்று எப்படி முடிவுக்கு வந்தீர்கள்? 2000-லேயே பிராட்வேயில் பெரிய விருது வாங்கிய பாத்திரம். இது வேஷம் என்று தெரிந்தே கோபப்பட்டவர்கள் இருக்க மாட்டார்களா? தினமும் "வேலைக்காரி" என்று பார்க்கப்படுகிற ஒருத்திக்கு அதைச் சொன்னது நிஜப் பணக்காரியா, பணக்காரி வேஷம் போட்ட ஆளா என்பதில் என்ன பெரிய வித்தியாசம்? காதில் விழுகிற சொல் ஒன்றுதானே.

"உங்களுக்கு ஜோக் புரியவில்லை" என்பது எப்போதும் சிரித்தவர்கள் பக்கமிருந்துதான் வரும், தம்பி.

#10 அரைக்கண்ணாடி

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. இரவு யோசித்துவிட்டு வருகிறேன்.

#11 ராக்கோழி

அவர் யோசிக்கட்டும். அதற்குள் எட்னாவின் நாட்டுக்காரர் இன்னொருவரைச் சொல்லிவிடுகிறேன்: நார்மன் கன்ஸ்டன். நடித்தவர் கேரி மெக்டோனால்ட். வழுக்கையை மறைக்க ஒரு பக்க முடியை மறுபக்கம் இழுத்து ஒட்டவைத்திருப்பார். சவரத்தில் வெட்டிக்கொண்ட இடங்களில் எல்லாம் கிழித்த காகிதத்துண்டு ஒட்டியிருக்கும். 1975-ல் ஆஸ்திரேலிய ஏ.பி.சி. தொலைக்காட்சியில் தனி நிகழ்ச்சி கிடைத்தது. ஒன்றும் தெரியாத, தன்னை மட்டும் பெரிய ஆளாக நினைத்துக்கொள்கிற பேட்டியாளர். வெளிநாட்டிலிருந்து வரும் நட்சத்திரங்களிடம் நிஜ நிருபர்களோடு நிருபராகப் போய் நிற்பார். பால் மெக்கார்ட்னி தம்பதியிடம் போய் லிண்டாவைப் பார்த்து, "வேடிக்கையா இருக்கே, உங்களைப் பார்த்தா ஜப்பான்காரி மாதிரி தெரியலையே" என்றார். ஜப்பான்காரி யோகோ ஓனோ இன்னொரு பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனின் மனைவி. பீட்டில்ஸில் யாருக்கு யார் மனைவி என்றே தெரியாதவராம்!

எட்னாவுக்கும் இவருக்கும் இருக்கிற வித்தியாசத்தைப் பாருங்கள். எட்னாவின் எதிரே உட்காருகிறவருக்கு உண்மை தெரியும், தெரிந்தே கூட ஆடுகிறார். ஏமாறுவது நம்மைப் போலத் தொலைவிலிருந்து பார்க்கிறவர்கள். கன்ஸ்டனிடம் இது தலைகீழ். வீட்டிலிருக்கும் பார்வையாளருக்கு எல்லாம் தெரியும், எதிரே நிற்கிற நட்சத்திரம்தான் முழிப்பார். இந்த இரண்டாவது வகைக்கு ஆயுசு குறைச்சல். பேர் பரவப் பரவ ஏமாற ஆள் கிடைக்காது. சாஷா பாரன் கோயன் என்ற நடிகர் போட்ட அலி ஜி என்ற அசட்டுப் பேட்டியாளர் வேஷம் இங்கிலாந்தில் பிரபலமானபின் 2003-ல் அமெரிக்கா பக்கம் போனதும் இந்தக் காரணத்தால்தான்.

1975 நவம்பர் 11. பிரதமர் விட்லமை கவர்னர் ஜெனரல் பதவிநீக்கம் செய்த நாள், ஆஸ்திரேலிய அரசியலின் மிகப் பெரிய நெருக்கடி. கான்பராவில் நாடாளுமன்றப் படிக்கட்டில் கொந்தளிக்கிற கூட்டம். அந்தப் படிக்கட்டில் மைக்கோடு நிற்கிறார் நார்மன் கன்ஸ்டன். கூட்டமும் அவரைப் பார்த்து ஆரவாரம் செய்கிறது. ஆமாம், எட்னாவுக்குப் பட்டம் கொடுத்த அதே விட்லம்தான். பாவம், கற்பனைப் பாத்திரங்கள் அவரை விடவே இல்லை.

அடுத்த வருஷம் அந்நாட்டுத் தொலைக்காட்சியின் உச்ச விருதான கோல்டு லோகி கன்ஸ்டன் பெயருக்கே போனது.

#12 கடைசிபெஞ்ச்

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுற ஆள் ஒருத்தன் இருக்கான், டோனி கிளிஃப்டன். அமெரிக்க நகைச்சுவைக்காரர் ஆண்டி காஃப்மன் போட்ட வேஷம். எல்லாரையும் திட்டுற, சுருதி சேராத பாடகன். 'டாக்ஸி' தொடர்ல நடிக்க காஃப்மனைக் கூப்பிட்டப்ப, கிளிஃப்டனுக்குத் தனி ஒப்பந்தம் போடணும்னு கேட்டார். போட்டாங்க. கிளிஃப்டன் படப்பிடிப்புக்கு வந்து ரகளை பண்ணினான். வேலையை விட்டுத் தூக்கினாங்க. காஃப்மனுக்கு வேலை இருந்துச்சு, கிளிஃப்டனுக்குப் போச்சு. ஒரே உடம்பு, ரெண்டு கணக்கு!

கொஞ்ச நாள்ல விஷயம் கசிஞ்சு "அது காஃப்மன்தான்டா"ன்னு எல்லாரும் உஷாராயிட்டாங்க. அப்போ என்ன பண்ணினார் தெரியுமா? நண்பர் பாப் ஸ்முடாவுக்கு அந்த மேக்கப்பைப் போட்டு அனுப்பிட்டார். புத்திசாலின்னு நினைச்சுக்கிட்டு "நீ காஃப்மன், கண்டுபிடிச்சுட்டேன்"னு கத்தினவன் இரண்டாவது தடவை முட்டாளானான். 1984-ல காஃப்மன் இறந்தார். ஒரு வருஷம் கழிச்சு கிளிஃப்டன் மேடைக்கு வந்துட்டான். காஃப்மன் சாகவே இல்லைன்னு சொல்ற கூட்டம் இன்னும் இருக்கு.

#13 வழிப்போக்கன்

இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று புரியவில்லை. ஏமாற்று வேலையைக் கலை என்கிறீர்கள். 2012 மார்ச்சில் குவைத்தில் ஒரு துப்பாக்கிச் சுடும் போட்டி. கஜகஸ்தான் வீராங்கனை மரியா டிமிட்ரியென்கோ தங்கம் வாங்கி மேடையில் நிற்கிறார். தேசிய கீதத்துக்குப் பதில் 'போரட்' படத்தில் (அதே கோயன் கஜகஸ்தான் நிருபராக வேஷம் போட்ட படம்) வரும் நையாண்டிக் கீதத்தை ஒலிக்கவிட்டார்கள். எவனோ இணையத்தில் தேடி முதலில் கிடைத்ததை இறக்கியிருக்கிறான். அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பாட்டு முடியும்வரை நின்றார். உழைத்துப் பதக்கம் வாங்கியவர் அவர், சிரித்தது உலகம்.

#14 புள்ளிவிவரன்

வழிப்போக்கன் அவர்களே, அந்தத் தவறு ஏற்பாட்டாளருடையது, பாத்திரத்தைக் குறை சொல்லி என்ன பயன்? பின்னால் மன்னிப்பும் கேட்டு, விழாவைச் சரியான கீதத்தோடு மறுபடி நடத்தினார்கள். 2020-ல் கஜகஸ்தான் சுற்றுலாத் துறையே போரட்டின் 'வெரி நைஸ்' வசனத்தைத் தன் விளம்பர வாசகமாக எடுத்துக்கொண்டது.

நெய்தல் கேட்டதற்கு வேறு பக்கத்திலிருந்து ஒரு தகவல். ஸ்டீஃபன் கோல்பேர் 2005 முதல் 2014 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வலதுசாரித் தொகுப்பாளர் வேஷத்தில் நிகழ்ச்சி நடத்தினார். உண்மையில் அந்த மாதிரித் தொகுப்பாளர்களைக் கிண்டல் செய்கிற நிகழ்ச்சி அது. 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 332 பேருக்கு ஒரே காட்சித் துணுக்கைக் காட்டினார்கள். பழமைவாதிகள், முற்போக்காளர்கள் என்று இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு சிரித்தார்கள். ஆனால் பழமைவாதக் கருத்துடையவர்களில் கூடுதலானோர், "இவர் ஜோக் அடிப்பது போல் நடிக்கிறார், சொல்வதெல்லாம் நிஜமாகவே நம்பித்தான்" என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதாவது அவர்களுக்கும் ஜோக் இருப்பது தெரிகிறது. ஆனால் அதை எந்தப் பக்கம் பார்த்து வீசினார் என்பதில் அவரவர் விருப்பம் நுழைந்துவிடுகிறது.

#15 நெய்தல்

இது நல்ல தகவல். அப்படியானால் எட்னாவின் அந்தப் பதிலைப் படித்து, "சரியாத்தான் சொன்னாங்க, வேலைக்காரியோட பேசவா ஒரு மொழி?" என்று ரசித்துச் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள் இல்லையா? கோபப்பட்டவர்களைத்தான் 'ஜோக் புரியாதவர்கள்' என்கிறோம். அந்தச் சிரிப்பு யாருக்கும் உறுத்துவதில்லை.

#16 மட்டுறுத்துநர்

வழிப்போக்கன், உங்களுடைய அடுத்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கருத்துக்காக இல்லை, கடைசிபெஞ்சின் குடும்பத்தை இழுத்ததற்காக. அவர் பெரியப்பாவை அவரே இழுத்துக்கொள்வார்.

#17 அரைக்கண்ணாடி

யோசித்துவிட்டு வந்தேன். அக்கா சொன்ன இடத்தில் நான் தோற்றேன். அச்சில் குரல் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். குரல் இருந்தாலும் தனக்குப் பிடித்தபடிதான் கேட்பார்கள் என்கிறது அந்த ஆய்வு. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் குரல், முகம், கை எல்லாம் கண்முன்னே இருந்தது. நான் 'டேம்' என்ற இரண்டெழுத்தைத்தான் பார்த்தேன்.

இருந்தாலும் ஒரு சின்னப் பிடிவாதம் மிச்சமிருக்கிறது. நேற்று ஒரு மேடை நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியைப் பார்த்தேன். எட்னா கிளாடியோலஸ் பூங்கொத்துகளைக் கூட்டத்துக்குள் வீசுகிறார். ஒவ்வொரு தண்டும் கை நீளம். முன்வரிசையில் இருக்கிறவர்கள் எழுந்து பிடிக்கிறார்கள், ஒருவர் தலையில் விழுகிறது. பிறகு எல்லோரும் தண்டை உயர்த்திப் பிடித்து, அவர் சொல்கிற தாளத்துக்கு ஆட்டுகிறார்கள். கோட்டு சூட்டு போட்ட பெரிய மனிதர்கள். ஒருவருக்குக்கூட அது பேரி ஹம்ஃப்ரீஸ் என்று தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்துகொண்டே எட்னாவுக்காகத்தான் பூவை ஆட்டினார்கள். அதை ஏமாந்த கணக்கில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

#18 ராக்கோழி

எழுத வேண்டாம். அது சரி, அம்மாவிடம் சொன்னீர்களா?

#19 அரைக்கண்ணாடி

சொன்னேன். ஆம்பளை என்றதும் போனை வாங்கி மூக்குக்கு நேரே வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார். "கை பெரிசா இருக்கும்போதே நினைச்சேன்" என்றார். நினைக்கவில்லை, எனக்குத் தெரியும். பிறகு "இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டார். 2023 ஏப்ரலில் சிட்னியில் காலமாகிவிட்டார், வயது 89 என்று சொன்னேன். உச்சுக்கொட்டிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

பாதித் துணி மடித்தபின் தலையைத் தூக்காமலே கேட்டார்: "அப்ப அந்தம்மாவுக்கு என்ன ஆச்சு?"